வீட்டில் பாடாத ராகம்

அத்தியாயம் 17

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்தவள் பொன்னுத்தங்கம்தான்.

நவராத்திரி எட்டாம் நாள். கொலுவுக்கு முன்னால் மொச்சைச் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேல் தாளை எடுத்தாள். நாலு கலரில் வழவழவென்ற தாள். புது மையின் வாடை இன்னும் போகவில்லை. நடுவில் அவள் மகள் ஸ்ரீமதி தம்புராவோடு சிரித்தாள். அதற்குக் கீழே, இன்று மாலை உறவின்முறை மண்டபத்தில் அவள் பாடப்போகும் பாட்டுகளின் வரிசை.

ஐந்தாவது வரியில் பொன்னுத்தங்கத்தின் கண் நின்றுவிட்டது.

அமிர்தவர்ஷிணி.

மூன்று வருடம் கழித்துச் சென்னையிலிருந்து ஸ்ரீமதி வந்து இறங்கியதும், என்ன பாடப்போகிறாய் என்று அப்பா கேட்டதற்கு வாயே திறக்காமல் இருந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவள் வாயைத் திறக்காததன் காரணம் இப்போது நாலு கலரில் கையில் இருந்தது.

திருத்தங்கலில் இருக்கும் அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடமாக யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'அந்த ராகம்' என்பார்கள். அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்தில் வானத்துக்கு இரண்டு கட்சிகள் உண்டு. கரிசல் காட்டில் உளுந்தும் மிளகாயும் போட்டவர்கள் மேகத்தைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள். பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர்கள் அதே மேகத்தைக் கண்டு பல்லைக் கடிப்பார்கள். மழை தரும் என்று பேர் வாங்கிய ராகத்தை, பட்டாசு மருந்து காயவைக்கிற வீட்டில் யார் பாடுவார்கள்? ரேடியோவில் அது வந்தால் கனகசபாபதி சாப்பிடுகிற கையோடு எழுந்து போய் அணைத்துவிடுவார். ஸ்ரீமதிக்குச் சிறுவயதில் பாட்டுச் சொல்லித்தர வந்த டீச்சரிடமும், "அது ஒண்ணு மட்டும் வேண்டாம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வெளியே சொல்கிற காரணம் அது. உள்ளே இன்னொன்று இருந்தது. அதைப் பொன்னுத்தங்கம் மட்டும் சுமந்தாள்.

பொன்னுத்தங்கம் தாளை மடித்து இடுப்பில் செருகுவதற்குள் கனகசபாபதி வந்துவிட்டார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கையில் அதே தாள். காலைப் பேப்பரோடு சேர்த்து ஊர் முழுக்கப் போயிருந்தது.

"ஸ்ரீமதி."

மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள். காதில் ஒயர் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றினாள்.

"இது என்னம்மா?"

"ராகம்ப்பா."

"என்ன ராகம்னு எனக்குத் தெரியும். எதுக்குன்னு கேக்கேன்."

"எதுக்கும் இல்ல. அஞ்சே ஸ்வரம். அழகா இருக்கும். பாடணும்னு தோணுச்சு."

"பாட்டு பேரு ஒண்ணும் போடலயே. யாரு பாட்டு?"

"யார் பாட்டும் இல்ல. வார்த்தையே கிடையாது. நாப்பது நிமிஷம் ராகமும் ஸ்வரமும் மட்டும்."

"சாமி பேரு?"

"இல்லப்பா."

கனகசபாபதி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா தங்கம்? வார்த்தையில்லாம நாப்பது நிமிசம் கத்துறதுக்கு நம்ம லோடு லாரி ஹாரன் போதாதா?"

"ஹாரனும் ஒரு ஸ்வரம்தான்ப்பா. நம்ம லாரி பஞ்சமத்துல அடிக்கும்."

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். பாட்டு அவருக்கு உயிர். முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக் கேட்பார். தாளம் பிசகுகிற மிருதங்கக்காரர்கள் அவர் கையைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். மங்களம் பாடாமல் எழுந்த ஒரு பெரிய வித்வானுக்கு, கட்டி வைத்த மாலையைப் போடாமல் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்.

"ஏம்மா, பாட்டுன்னா என்னத்துக்கு? கேக்குறவன் மனசு ஆறணும். ஊருக்கு நல்லது நடக்கணும். அதுக்குத்தான் பெரியவக இதுக்குப் பின்னால இது, இந்த நேரத்துக்கு இதுன்னு வச்சிட்டுப் போயிருக்காக. நீ பாட்டுக்கு அத உடைச்சுப் போட்டுட்டு, அழகா இருக்குங்குறே."

"மனசு ஆறணும்னா மோர் குடிக்கலாம்ப்பா. பாட்டு மழைக்கும் இல்ல, வெயிலுக்கும் இல்ல, ஊர் நன்மைக்கும் இல்ல. அது பாட்டா இருந்தாப் போதும். அதுக்கு மேல அது தலையில எதையாவது ஏத்தி வச்சா, அது செய்யாத பாவத்துக்கும் அதுதான் பழி சுமக்கணும்."

கடைசி வாக்கியத்தை அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.



கனகசபாபதி தாளை நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்ததைப் பொன்னுத்தங்கம் கவனித்தாள். கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அச்சுல ஏறிருச்சு. ஊரு பூராப் போயிருச்சு. இனி நான் நிறுத்துனா நாலு பேரு ஏன்னு கேப்பான்." வாசல் வரை போனவர் திரும்பினார். "தங்கம், சாயந்தரம் நீ வர வேண்டாம்."

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் ஸ்ரீமதி அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"நீ வரணும்மா. உனக்காகத்தான் பாடுறேன். நான் பாடுவேன். மழை வராது. உன் கண்ணால நீ அதைப் பார்க்கணும்."

"வந்துட்டா?"

"வராதும்மா."

"ஒருக்கா வந்துச்சே."

 அது நடந்தபோது ஸ்ரீமதிக்கு ஐந்து வயது. விருதுநகரில் பங்குனிப் பொங்கல். பொன்னுத்தங்கம் பிறந்த வீட்டார் எண்ணெய் வியாபாரம். அவர்கள் நடத்திய கச்சேரியில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பொன்னுத்தங்கம் மேடையில் உட்கார்ந்தாள். அவள் பாடுகிறாள் என்றால் பஜாரில் பாதிக் கடை சாத்திவிடும், அப்படி ஒரு குரல். காய்ந்து கிடந்த வருடம் அது. சித்தப்பா ஆசைப்பட்டுக் கேட்டார் என்று அந்த ராகத்தை எடுத்தாள். முடிப்பதற்குள் பந்தலைக் கிழித்துக்கொண்டு மழை.

ஒன்பது மணிக்குக் கம்பெனியிலிருந்து அவள் கணவர் வந்தார். சட்டை, முகம் எல்லாம் கரி. "மழை வந்திருச்சு தங்கம். மருந்து நனைஞ்சு வெடிச்சிருச்சு. மூணு பொம்பளப் பிள்ளைக..." என்றார்.  அந்த வாரம் வீட்டுக்குப் பேப்பர் வரவில்லை.

அன்றோடு பொன்னுத்தங்கம் பாடுவதை விட்டாள். மகனுக்குப் பெண் பிறந்தபோதும் தொட்டிலை மட்டும் ஆட்டினாள்.

---

மதியம் இரண்டு மணிக்கு வீடு காலியானது. கனகசபாபதி மண்டபத்துக்குப் போய்விட்டார். ஸ்ரீமதி வயலின்காரரைக் கூட்டிவர விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போனாள். கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற மகன் சபரிநாதன் ஆர்டர் விஷயமாக வடக்கே போய் ஒரு வாரம் ஆகிறது.

பொன்னுத்தங்கம் டிரைவர் முத்துப்பாண்டியைக் கூப்பிட்டாள்.

"எம். புதுப்பட்டிக்கு விடுப்பா."

"கம்பெனிக்காம்மா? நீங்க அங்கன வந்து எத்தன வருசமாச்சு?"

"வருசத்த நான் எண்ணிக்கிடுதேன். நீ வண்டிய எடு."

வாசலில் வாட்ச்மேன் அவள் செல்போனை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். முதலாளி மனைவியாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை. செருப்பைக் கழற்றினாள். சுவரில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும் என்பார்கள்.

உள்ளே, ஒன்றுக்கொன்று எட்டி எட்டிக் கட்டிய சின்ன அறைகள். நடுவில் வேம்புகள். அறைகளைத் தாண்டித் திறந்தவெளியில் சிமெண்டுக் களம். களம் முழுக்கத் தட்டுத் தட்டாக மணி மருந்து காய்ந்துகொண்டிருந்தது. மிளகளவு உருண்டைகள். பேன்சி வெடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வானத்தில் பச்சையும் சிவப்புமாக விரிகிறவை அவைதான்.

போர்மேன் இருளாண்டி ஓடிவந்தார். முப்பது வருடமாக அங்கே இருப்பவர்.

"வாங்கம்மா, வாங்க. சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல? சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. இருளாண்டி, இந்தா காயுதே, இதையெல்லாம் உள்ள எடுக்கச் சொல்லுங்க."

"எது, மணி மருந்தையா? மதியந்தான் போட்டோம். கையில எடுத்தா இன்னும் ஒட்டுது."

"மழை வரும்."

"எங்கனருந்தும்மா? வானத்தப் பாருங்க, கழுவிக் கவுத்துன சட்டி மாதிரி இருக்கு."

"என் மக சாயந்தரம் அந்த ராகம் பாடுதா."

இருளாண்டியின் முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"அம்மா, காயாத மருந்து அறைக்குள்ள போகக் கூடாது. வெயில் போனாலும் இங்கனயே காத்தாடக் கெடக்கும். உள்ள அடைச்சா தன்னால சூடு ஏறும். நீர்த்த மருந்து பொல்லாதது. வேணும்னா தார்ப்பாய கையில வச்சிக்கிட்டு நிக்கேன். ஒரு தூத்தல் விழட்டும், மூடிருதேன்."

"அன்னைக்கும் இங்க தார்ப்பாய் இருந்துச்சுல்ல?"

இருளாண்டி களத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு பேரு போனாகளே, அன்னைக்கு எந்தத் தார்ப்பாய் மூடுச்சு? எடுக்கச் சொல்லுங்க."

"பரத்தி வைக்க இடமில்லம்மா. சீசன். அறை பூராக் கட்டுன பெட்டி. தட்டு மேல தட்டு அடுக்கித்தான் வைக்கணும்."

"அடுக்குங்க."

"அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை..."

"அண்ணாச்சி பொஞ்சாதி சொல்லுதேன், பத்தாதா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி. மூணு மணி நேரம் தாங்கும். ஆறு மணிக்கு வானம் தெளிவா இருந்தா ஆபீஸ் போனுக்குச் சொல்லுங்க. அந்நேரமே வெளிய எடுத்துப் பரத்திருதேன்."

"நான் சொல்லாம வெளிய எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"அம்மா..."

"பண்ணுங்க."

"கருப்பசாமி மேல சத்தியம்." சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக் கையசைத்தார்.

பெண்கள் தட்டுகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். ஒரு தட்டை இரண்டு பேர், வெறுங்காலோடு, பிள்ளை தூங்கும் தொட்டிலைத் தூக்குவதுபோல. அவர்களில் ஒருத்தி பொன்னுத்தங்கத்தின் அருகில் நின்றாள். முத்துப்பேச்சி. முழங்கை வரை அலுமினியத் தூள் படிந்து, வெள்ளியில் செய்த கை மாதிரி மினுங்கியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு போன மூவரில் ஒருத்தியின் மகள். தீபாவளிக்குத் தீபாவளி பொன்னுத்தங்கம் அவளுக்கென்று தனியாகச் சேலை எடுப்பாள். கொடுக்கும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள்.

"யம்மா, மக கச்சேரிக்கு எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீகளோ?"

"வாயேன். முன் வரிசையில உக்கார வைக்கேன்."

"இந்தக் கையோட வந்தா உங்க சேரு பூரா வெள்ளியாப் போகும். வரவும் முடியாது. பெட்டி கட்ட ஆளில்ல, நாங்க நாலு பேரு எட்டு மணி வரைக்கும் இங்கனதான்." அவள் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இம்புட்டு வெயில வச்சிக்கிட்டு மளை மளைன்னு ஏம்மா பயப்படுதீக?"

"ஏன்னா கேக்குறே? உங்கம்மா அந்த மழையிலதான..."

முத்துப்பேச்சியின் சிரிப்பு போனது. குழப்பம்தான் இருந்தது அவள் முகத்தில்.

"எங்கம்மாவா? அன்னைக்கு அந்நேரம் ஏது மளை? நான் அப்ப மூணாப்பு. நாலு மணிக்குப் பெல் அடிச்சு வெளிய வாரேன், காலுக்கடியில தரை உதறுது. நல்ல வெயிலும்மா. புகைய நான் பாத்தேன்ல. மளை ராத்திரில்ல பேஞ்சுச்சு? வாசல்ல எங்கம்மா களட்டிப் போட்ட செருப்பக்கூட அந்தத் தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சு. அதனாலதான் எனக்கு நல்லா ஞாபகம்."

"நாலு மணியா?"

"நாலு, நாலே கால் இருக்கும்."

பொன்னுத்தங்கம் மேடையில் உட்கார்ந்தது ஆறு மணிக்கு. சித்தப்பா கேட்டது ஏழு மணி சுமாருக்கு.

அவள் மெதுவாக இருளாண்டியின் பக்கம் திரும்பினாள். அவர் ஒரு தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுமில்லை. இருந்தும் தடவிக்கொண்டே இருந்தார்.

"இருளாண்டி."

"அண்ணாச்சிகிட்டக் கேளுங்கம்மா."

"நான் உங்ககிட்டக் கேக்கேன்."

"என்கிட்டக் கேக்காதீகம்மா." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இத்தன வருசம் நீங்களா ஒண்ண நினைச்சிக்கிட்டீக. அது இல்லன்னு சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?"

அவள் திரும்பி நடந்தாள். செருப்பைப் போடாமலேயே காரில் ஏறிவிட்டாள். வாட்ச்மேன் செல்போனையும் செருப்பையும் ஜன்னல் வழியாக நீட்டினார். முத்துப்பாண்டி என்னவோ கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை.

பின்னால், கடைசித் தட்டும் அறைக்குள் போனது.

---

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியிருக்க வேண்டும். நான் யாரையும் கொல்லவில்லை. இதைக் கேட்கத்தானே இத்தனை வருடம் விரதம் இருந்தாள், கோயில் கோயிலாகப் போனாள்?

காரின் ஜன்னலில் சீமைக் கருவேலம் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று அவளுக்குள் இருந்தது. சொன்னால் காறித் துப்புவார்கள். தன் பாட்டு மூன்று உயிரை வாங்கியது என்று நம்பியபோது, தன் பாட்டுக்கு வானம் இறங்கி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் அவள் நம்பினாள். ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொன்றைச் சுமந்தாள். இப்போது இரண்டும் போயிற்று. அன்று பெய்தது வெறும் பங்குனி மழை. அவள் பாடியது வெறும் பாட்டு. அதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம்.

அப்படியானால் அன்று அவள் கணவர் சொன்னதும் பொய்யா?

வீட்டுக்குப் போகாமல் காரை எங்கெங்கோ விடச் சொல்லிவிட்டு, ஐந்தரை மணிக்குத்தான் மண்டபத்துக்கு வந்தாள். பின்பக்கம், மேடைக்குப் போகும் அறையில், ஸ்ரீமதி கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியா! அப்பா திட்டுவாரே?"

"திட்டட்டும்."

"ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு? வெளிய பாரு, ஒரு மேகம்கூட இல்ல. இன்னியோட உனக்கு விடுதலை."

பொன்னுத்தங்கம் மகளின் மல்லிகைச் சரத்தைச் சரிசெய்தாள். "மழை வரலைன்னா எனக்கு விடுதலை. சரி. அதுக்கப்புறம் எனக்குன்னு என்னடி மிஞ்சும்?"

"அப்புறம் நீ பாடலாம்மா."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்லாம."

அதைச் சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. பொன்னுத்தங்கம் முத்துப்பேச்சி சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். மேடையிலிருந்து தம்புரா கேட்டது. பாடிவிட்டு வரட்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

அவள் முன் வரிசைக்குப் போனாள். கனகசபாபதி நகர்ந்து இடம் கொடுத்தார். மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் கம்பெனிக்காரர்களும் அச்சகக்காரர்களும். பின்னால், ராகத்தின் பெயரை நோட்டீஸில் பார்த்துவிட்டு, சுற்றுக் கிராமத்துச் சம்சாரிகள் காட்டு வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வர்ணம் முடிந்தது. மூன்று கீர்த்தனைகள். கனகசபாபதியின் கை தொடையில் தாளம் போட்டது. ஏழு மணிக்குச் சற்று முன்பு ஸ்ரீமதி மைக்கைச் சரிசெய்தாள், எதுவும் அறிவிக்கவில்லை, கண்ணை மூடினாள்.

முதல் காந்தாரத்தில் பொன்னுத்தங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

வார்த்தை இல்லை. சாமி இல்லை. கெஞ்சல் இல்லை. மழை வேண்டும் என்று யாரிடமும் கேட்காத குரல். ரிஷபத்தையும் தைவதத்தையும் தொடாமல், ஐந்து படிகளில் மட்டும் கால் வைத்து அது ஏறி இறங்கியது. எனக்கு இப்படிப் பாட வராது என்று நினைத்தாள் அவள். நான் எப்போதும் யாருக்காவது பாடினேன். இவள் யாருக்கும் பாடவில்லை.

ராகம் முடிந்து ஸ்வரம் தொடங்கியதும், பார்வையை மேடையிலிருந்து எடுக்காமல் கணவரிடம் கேட்டாள்.

"வெடிச்சது நாலு மணிக்கா?"

கனகசபாபதியின் கை தொடையில் ஒருமுறை தவறி விழுந்தது.

"இப்பவா இதக் கேக்கணும்?"

"இருபத்திரண்டு வருசம் முன்னாடியே கேட்டிருக்கணும். கேக்கத் தெரியல."

"யாரு சொன்னா?"

"முத்துப்பேச்சி. கம்பெனிக்குப் போயிருந்தேன்."

"அங்க எதுக்குப் போன?"

"இவ பாடுனா மழை வரும்னு, களத்துல கிடந்ததையெல்லாம் உள்ள எடுக்கச் சொல்ல..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நினைவு வந்தது. ஆறு மணி. ஆபீஸ் போன். கருப்பசாமி மேல் சத்தியம்.

கனகசபாபதி இப்போது முழுதாகத் திரும்பினார். 

"மணி மருந்தா?"

"ஆமா."

"காயாததா?"

அவள் தலையை அசைத்தாள்.

"பரத்தியா, அடுக்கியா?"

"அடுக்கி."

"எப்ப?"

"மூணு மணி இருக்கும். நான் சொல்லாம எடுக்கக் கூடாதுன்னு இருளாண்டிகிட்ட சத்தியம்..."

"தங்கம்!" அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. "அன்னைக்கும் நான் இதத்தாண்டி செஞ்சேன். முந்தின நாள் காயாத மருந்து. லாரிக்கு நேரமாச்சுன்னு நான்தான் உள்ள அடுக்கச் சொன்னேன். மழையும் இல்ல, உன் பாட்டும் இல்ல. நான்தான்."

இருபத்திரண்டு வருடம் மூடி வைத்ததை, சுரம் மூன்றாம் காலத்துக்குப் போகிற நேரத்தில், இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார். சொன்னதும் எழுந்தார். துண்டு நாற்காலியிலேயே கிடந்தது.

"நீ போன் பண்ணிக்கிட்டே இரு. உள்ள யாரும் போகக் கூடாது, கிட்டவே போகக் கூடாதுன்னு சொல்லு. பிள்ளைகள வெளிய ஓடச் சொல்லு. நான் போறேன்."

"தட்டை வெளிய எடுக்கச் சொல்லவா, வேண்டாம்னு..."

"தொடவே கூடாது!"

நடுக் கச்சேரியில், எல்லாரும் பார்க்க, கனகசபாபதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடாத குறையாக நடந்தார். அப்படி ஒரு காட்சியை அந்த ஊர் பார்த்ததில்லை. பிடிக்காத கச்சேரியிலும் மங்களம் வரை உட்கார்ந்திருப்பவர் அவர். "அண்ணாச்சிக்குக் கோவம்" என்று யாரோ முணுமுணுத்தது பொன்னுத்தங்கத்துக்கே கேட்டது.

மேடையிலிருந்து ஸ்ரீமதியும் பார்த்தாள்.

அவள் என்ன நினைத்தாள் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. உதட்டைக் கடித்தாள். ஒரு நொடி. பிறகு மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நின்று, அங்கிருந்து சுரங்களைக் கொட்டத் தொடங்கினாள். அப்பாவின் முதுகைத் துரத்திக்கொண்டு ஓடுவதுபோல. வயலின் மூச்சு வாங்கியது. மிருதங்கம் சூடு பிடித்தது.

பொன்னுத்தங்கம் ஆபீஸ் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அங்கே யாரிடமும் செல்போன் இருக்காது. எல்லாம் வாசல் பெட்டிக்குள். பத்து மைலுக்குக் குறையாத தூரம். முத்துப்பாண்டி எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இருபத்தைந்து நிமிடம். பெட்டி கட்டிக்கொண்டு நாலு பெண்கள்.

நாலு எட்டு எடுத்து வைத்தால் மேடை. நிறுத்துடி என்று ஒரு வார்த்தை. நிறுத்தி என்ன ஆகப்போகிறது? பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தமே இல்லை என்றுதானே இப்போது தெரிந்தது? தெரிந்த பிறகும் அவள் கால் அந்தக் குரலை நிறுத்தத்தான் துடித்தது. போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அது வந்தது.

காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது. தூரத்தில் ஏதோ புரண்டு படுத்ததுபோல ஒரு உறுமல். ஜன்னல் கண்ணாடிகள் சன்னமாக நடுங்கி அடங்கின.

கடைசி வரிசையில் ஒரு சம்சாரி துள்ளி எழுந்தார்.

"ஏலே, இடிலே! மளை வருதுலே!"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு, விசில், கைதட்டல். கம்பெனிக்காரர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, களத்தை நினைத்து அவசரமாகப் போனை எடுத்தார்கள். ஸ்ரீமதி கண்ணைத் திறந்தாள். பாட்டு எதற்கும் இல்லை என்று காலையில் சொன்னவள். அவள் முகத்தில் திகைப்பு. அதன் மேலே, அவளே அறியாமல், சின்னப் பிள்ளையின் சந்தோஷம். நிஜமாகவே வந்துவிட்டதா என்று கேட்பதுபோல அம்மாவைத் தேடினாள். குரலை இன்னும் உயர்த்தினாள்.

பொன்னுத்தங்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஷ்டமியின் அரை நிலா. அதைச் சுற்றி வானம் முழுக்க நட்சத்திரம். எந்த மூலையிலும் ஒரு மின்னல் வெட்டவில்லை.

காதோடு அழுத்திப் பிடித்திருந்த போனில் மணி அடிப்பது நின்றிருந்தது. யாரும் எடுத்த சத்தம் இல்லை.